மௌன வட்டத்துக்குள் காலன்சொல்

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

குருவின் பெயர் கோகிலவாணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு லீவு. மாடியில் துணி வெட்டுகிற நீள மேஜைகள் இரண்டும் சும்மா கிடக்கும். முதலாளியிடம் சாவி வாங்கி, மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை அங்கே ஒரு விளையாட்டு நடத்திவந்தார்.

ஒன்பது கோட்டை என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசியே ஒரு கதையை நடத்துவார்கள். தலைமாட்டு நாற்காலியில் இருக்கிறவர் உலகத்தைச் சொல்வார்: முன்னால் அகழி, அந்தப் பக்கம் கோட்டை, கதவில் இரண்டு காவலர். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். மந்திரம் உண்டு. மந்திரத்துக்கு விதி உண்டு. விதிக்குத் தடியாக ஒரு புத்தகம் உண்டு. புத்தகத்தில் தீராத சந்தேகங்களுக்கு, விளையாட்டை வெளியிட்ட கம்பெனி இணையத்தில் ஒரு கேள்வி பதில் பக்கம் வைத்திருந்தது. பதில்களுக்குக் கீழே ‘விதிக்குழு’ என்று மட்டும் போட்டிருக்கும்.

சீடரின் பெயர் தண்டபாணி. கம்பெனிக்கு அடுத்த வீடு. ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கோப்புகளோடு குடித்தனம் செய்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிறு மதியத் தூக்கம் கெட்டு, என்ன கூச்சல் இது என்று சண்டை போட மாடி ஏறினார். ஏறியவர் ஆறு மணிவரை இறங்கவில்லை. அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று வாணி கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது மேஜையின் நாற்காலியை அவரிடம் கொடுத்தார்.

நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாவது ஞாயிறே சிக்கல் வந்துவிட்டது.

அவர் மேஜையில் ஷாகிதா என்று ஒருவர். கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிறவர். அவருடைய பாத்திரம் தும்பை என்கிற வேவுக்காரி. இரண்டு வருடம் முன்னால் சந்தையில் பை அறுத்துக்கொண்டிருந்தவள், ஷாகிதாவின் கையில் வளர்ந்து வளர்ந்து இப்போது ஐந்தாம் கோட்டையையே பிடிக்கப் போய்விட்டாள். கோட்டை மதில்மேல் ஒரு மந்திரவாதி அவளை மடக்கினான். அவனிடம் காலன்சொல் என்ற மந்திரம் இருந்தது. யாரைப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொல்கிறானோ அவர் செத்தார், அவ்வளவுதான். இந்த விளையாட்டில் செத்தவர் திரும்ப வருவதில்லை.

தும்பைக்குப் பக்கத்திலேயே மௌன வட்டம் ஒன்று இருந்தது. கூட ஆடும் குமரகுரு சற்றுமுன் போட்ட மந்திரம் அது. ஏழடி வட்டம். அதற்குள் சத்தம் என்பதே கிடையாது. தும்பை வட்டத்துக்குள் போய் நின்றாள். மந்திரவாதி வெளியில் நின்று காலன்சொல்லைச் சொன்னான்.

குமரகுரு கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தான். சாயப் பட்டறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். அளவு கொஞ்சம் பிசகினாலும் அவனுக்குத் தூக்கம் வராது.

“சார், விதிக்குழு பதில் ஒண்ணு இருக்குதுங்க. சொல்றதுதான் கணக்கு, காதுல விழோணும்னு இல்லைன்னு போட்டிருக்காங்க. அப்படின்னா தும்பை செத்துட்டா.”

தண்டபாணி தம் கைப்பேசியை எடுத்தார். தேடிப் பார்த்தால் அதற்கு முந்தின வருடம் நேர்மாறாக இன்னொரு பதில் இருந்தது. பழகின வேலையைச் செய்தார். ஆட்டத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தார். அடுத்த வாரம் மூன்றாவதாக ஒரு பதில் கிடைத்தது. மறுபடி ஒத்திவைத்தார்.

அன்று ஷாகிதா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“செத்தாலும் பரவாயில்ல சார். ஒரு வாரமா அவ செத்தாளா பொழைச்சாளான்னே தெரியாம வகுப்பெடுத்துக்கிட்டு இருக்கேன். அடுத்த ஞாயிறு சொல்லிடுங்க. இல்லன்னா நான் இனிமே வரல.”

அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. தண்டபாணிக்கு அது தெரியும்.

அந்த அடுத்த ஞாயிறு ஒரு மணிக்கே மாடி ஏறிவிட்டார். வாணி ஜன்னலோர மேஜையில் துணித் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். சாப்டாச்சுங்களா?”

“சாப்டேனுங்க அம்மிணி. எறங்குனாத்தான.”

கையிலிருந்த கோப்பை மேஜைமேல் வைத்தார். பழுப்பு அட்டை, பச்சை டேக், ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்பு மையில் பக்க எண். வாணி துடைக்கிற துணியை ஓரமாக வைத்துவிட்டு, கையையும் ஒருதரம் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, கோப்பைத் திறந்தார்.

மூன்று பதில்களையும் அச்செடுத்து, கத்தரித்து, தேதிவாரியாக ஒரே தாளில் ஒட்டியிருந்தார் தண்டபாணி.

முதல் பதில்: மௌன வட்டத்துக்குள் ஒலி நுழையாது, ஆகவே காலன்சொல்லும் நுழையாது.

இரண்டாம் பதில்: காலன்சொல் சொல்லப்பட்டால் போதும். கேட்கப்பட வேண்டியதில்லை. வட்டம் காப்பாற்றாது.

மூன்றாம் பதில்: முந்தைய இரண்டு பதில்களும் சரி.

“ஏனுங்க அம்மிணி, எங்க ஆபீஸ்ல பின்னால வந்த ஆர்டர் முன்னால வந்ததை அடிச்சுப்போடும். அதுதானுங்க மொறை. அப்படிப் பாத்தா மூணாவதுதான் செல்லோணும். மூணாவதைப் போய்ப் பாத்தா, முன்னால ரெண்டும் சரிங்குது. முப்பத்திரண்டு வருச சர்வீஸ்ல இப்படி ஒரு ஆர்டரை நான் பாத்ததில்லைங்க.”

“புத்தகம் என்ன சொல்லுதுங்க?”

“வட்டத்துக்குள்ள சத்தம் இல்லைங்குது. காலன்சொல்லை ஆளைப் பாத்துச் சொல்லோணுங்குது. அதுக்கு மேல வாயத் தொறக்கலைங்க.”

“சரி.”

“இந்த மூணையும் எழுதுன ஆளு யாருன்னு தெரியலை. எங்க ஆபீஸா இருந்தா இந்நேரத்துக்கு மெமோ குடுத்திருப்பேன்.”

வாணி கையை நீட்டினார். “குடுங்க.”

“எதைங்க?”

“மெமோவை. மூணும் நான் எழுதுனதுதான்.”

தண்டபாணி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். மேலதிகாரி முன்னால் எழுந்து பழகின கால்கள் அவை.

“உக்காருங்க சார். ரெண்டு வருசம் அந்த விளையாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து எழுதிக் குடுத்தேன். விதிக்குழுன்னா ஏதோ பத்துப் பேருன்னு நெனைச்சுக்கிட்டீங்களா? நான் ஒருத்திதான்.”

“அப்ப வேலை சுலபமாப் போச்சுங்களே!” தண்டபாணியின் முகம் மலர்ந்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டார். “எழுதுனவிங்களே எதுத்தாப்ல இருக்கீங்க. எது செல்லும்னு நீங்களே சொல்லிப்போடுங்க. பக்கம் நாலுல குறிச்சுக்கறேன்.”

வாணி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“ஒவ்வொரு பதிலுக்கும் மேல கேள்வி இருக்குமே சார். அது எங்கீங்க?”

“வெட்டிட்டேனுங்க.”

“ஏனுங்க?”

“பதில்தானுங்களே உத்தரவு. கேள்வி என்னத்துக்கு? ஒவ்வொண்ணும் அரைப் பக்கம் கதை வேற. மூணையும் ஒரே தாள்ல கொண்டாரோணும்னு…”

வாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தண்டபாணி என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் தாமும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

“மொதக் கேள்வி தேனியிலிருந்து வந்துச்சு. ஒரு அம்மா. வீட்ல புள்ளைங்களை வெச்சு ஆட்டம் நடத்துறாங்க. பத்து வயசுப் பொண்ணு, அண்ணனோட ஆளை மந்திரவாதி கொல்லப்போறான்னு, தன்கிட்ட இருந்த கடைசி மந்திரத்தைப் போட்டு அண்ணன் ஆளைச் சுத்தி மௌன வட்டம் வரைஞ்சிருச்சு. இது பலிக்குமாங்கன்னு கேட்டாங்க. வேறென்ன எழுதுவேன்? பலிக்கும்னு எழுதுனேன்.”

“சரிங்க.”

“ரெண்டாவது ஓசூர்ல ஒரு ஹாஸ்டல்ல தங்கியிருந்த பசங்க. அந்த மொதப் பதிலைப் படிச்சுட்டாங்க. எங்க போனாலும் மொதல்ல ஒரு வட்டத்தைப் போட்டு உள்ள நின்னுக்கறது. நாலு கோட்டையை ஒரு கீறல் படாம பிடிச்சுட்டாங்க. ஆட்டம் நடத்துறவன் எழுதுறான், எங்களுக்கெல்லாம் கொட்டாவி வருதுங்க, ஏதாச்சும் பண்ணுங்கன்னு. காலன்சொல் உள்ள வரும்னு எழுதுனேன்.”

“மூணாவதுங்க?”

“அது ரெண்டு சிநேகிதங்க. ஒருத்தன் மொதப் பதிலைக் காட்டுறான், இன்னொருத்தன் ரெண்டாவதைக் காட்டுறான். ஒரு மாசமாப் பேச்சு வார்த்தை இல்லை. ஆளுக்கொரு கடுதாசி போட்டுக் கேட்டாங்க, எங்க ரெண்டு பேர்ல யாரு சரின்னு. ரெண்டும் சரின்னு எழுதிப் போட்டேன்.”

“அதுக்கு என்னங்க சொன்னாங்க?”

“என்னைக் கண்டபடி திட்டி ஒரு கடுதாசி வந்துச்சு. ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டிருந்தாங்க.”

தண்டபாணி சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

“அப்படின்னா அம்மிணி, சட்டம்னு ஒண்ணு இல்லைங்களா? ஆளுக்குத் தகுந்த நியாயமா? அதைச் சொல்லி ஒரு ஆபீஸ் நடத்த முடியுங்களா?”

“சட்டம் இருக்குதுங்க. புத்தகத்துல இருக்கு. அது பேசுற எடத்துல நீங்களும் நானும் பேச வேண்டியதில்லை. அது சும்மா இருக்கற எடத்துக்குத்தான் நாற்காலி போட்டிருக்கோம்.”

“அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு நான் தப்பாச் சொல்லிட்டேன்னா?”

வாணி கோப்பை மூடி அவர் பக்கம் தள்ளினார்.

“தும்பை வட்டத்துக்குள்ள கால் வெக்கறதுக்கு முன்னால மேஜைல என்ன பேச்சு நடந்துச்சுங்க?”

தண்டபாணி கோப்பைப் பிரித்தார். பக்கம் ஒன்றில் தேதி, நேரம், வந்தவர்கள் பெயர். பக்கம் இரண்டில் யார் எத்தனை பகடை உருட்டினார்கள். பக்கம் மூன்றில் விதிக்குழு. முன்னும் பின்னும் இரண்டு தரம் புரட்டினார்.

“எழுதலைங்களே அம்மிணி.”

“கேட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வாணி மறுபடி மேஜையைத் துடைக்கப் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். வாணியின் மேஜையில் ஆறு பேர், வந்த நிமிடமே கூச்சல். தண்டபாணியின் மேஜையில் நாலு பேர், பேச்சு மூச்சில்லை. ஷாகிதா பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. குமரகுரு மூன்று பதில்களையும் கைப்பேசியில் திறந்து தயாராக வைத்திருந்தான்.

தண்டபாணி நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பைத் திறக்கவில்லை.

“ஏனுங்க ஷாகிதா, ஒண்ணு கேக்கோணும். அன்னைக்கு வட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னால என்கிட்ட ஏதாவது கேட்டீங்களா?”

“கேட்டேனே சார். உங்களுக்கு ஞாபகமில்லையா?”

“இல்லைங்க.”

“எனக்கு ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, மதில்லேர்ந்து அகழிக்குள்ள குதிக்கிறது. கால் உடையும், உயிர் போகாது. இன்னொண்ணு வட்டம். வட்டத்துக்குள்ள போனா காலன்சொல் எட்டுமா சாருன்னு கேட்டேன். எட்டாதுங்க, தைரியமாப் போங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. அதனாலதான் போனேன். நீங்க விதிக்குழுவைத் தேடப் போனதும், இனி என் பேச்சு எடுபடாதுன்னு விட்டுட்டேன்.”

மற்ற இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். குமரகுருவும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆட்டினான்.

தண்டபாணிக்கு வெட்கமாக இருந்தது. அந்த வார்த்தையைச் சொன்ன தம் குரலே இப்போது காதில் கேட்டது. எத்தனை சுலபமாகச் சொல்லியிருக்கிறார்! சொல்லிவிட்டு, இரண்டு வாரமாக அந்த வார்த்தையைத் தவிர உலகத்திலுள்ள எல்லாத் தாளையும் தேடியிருக்கிறார்.

“அப்படின்னா தும்பை சாகலைங்க” என்றார்.

“சார்” என்று குமரகுரு கைப்பேசியைத் தூக்கினான். “நீங்க சொன்னதே தப்பா இருந்தா? ரெண்டாவது பதில் தெளிவா இருக்குதுங்களே.”

“தப்போ சரியோ, சொன்னது நானுங்க. அதை நம்பி அவங்க அகழியை விட்டுட்டாங்க. அப்புறமா ஒரு ஆர்டர் ஆப்டுச்சுன்னு பின்தேதி போட்டு ஒரு உயிரை எடுக்க முடியாது. எங்க ஆபீஸ்ல ஒரு பியூனோட இன்கிரிமெண்டைக்கூட அப்படி எடுக்க உட்டதில்லைங்க நானு.”

குமரகுரு கைப்பேசியை இறக்கினான். ஆனால் ஷாகிதா இன்னும் பையை இறக்கவில்லை.

“பாவம் பாத்து விடுறீங்களா சார்? நான் வரமாட்டேன்னு சொன்னதுக்காக?”

“இல்லைங்க.”

“அப்படி எனக்கு வேண்டாம். நிஜமாச் சொல்றேன். பிச்சை வாங்கின உசிரை வெச்சுக்கிட்டு அவ கோட்டை பிடிக்க மாட்டா.”

“பாவம் பாக்கலைங்க. பாருங்க, இப்பவே சொல்லிப்போடறேன். இந்த நிமிசத்துலிருந்து இந்த மேஜைல காலன்சொல் வட்டத்துக்குள்ள நுழையும். காதுல விழ வேண்டியதில்லை, சொன்னாப் போதும். உங்களுக்கும் அதுதான், நான் கொண்டாற மந்திரவாதிக்கும் அதுதான். மொதத் தடவை சொன்னது தும்பையைத் தொடலை. அவன் ரெண்டாந்தடவை வாயத் தொறக்கறான். தும்பை இன்னும் வட்டத்துக்குள்ளதான் நிக்கறா. இந்தத் தடவை சொன்னான்னா சாவா. என்ன பண்றீங்க?”

ஷாகிதா பையைத் தரையில் வைத்தார்.

“அவன் எவ்வளவு தூரத்துல நிக்கிறான்?”

“ரெண்டு எட்டு.”

“வெளிய நின்னு சொன்னா உள்ள வரும். சரி. உள்ள நின்னுக்கிட்டு சொல்ல முடியுமா?”

குமரகுருவின் கட்டைவிரல் கைப்பேசிமேல் போனது. தண்டபாணி அவன் பக்கம் திரும்பவில்லை.

“முடியாதுங்க. வட்டத்துக்குள்ள சத்தமே கெடையாது. புத்தகத்துலயே இருக்குது. சொல்லவே முடியாது.”

“அப்ப தும்பை பாய்ஞ்சு அவன் தாடியைப் பிடிச்சு உள்ள இழுக்கிறா.”

மேஜையில் இருந்த மற்ற இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“தாடி இருக்குதுங்களா சார் அவனுக்கு?” என்றான் குமரகுரு.

தண்டபாணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இடுப்பு வரைக்கும் இருக்குதுங்க. உருட்டுங்க, பதினஞ்சாச்சும் வரோணும்.”

பகடை மேஜையின் நீளத்துக்கும் உருண்டு, துணி வெட்டும் கத்தி என்றோ கீறிய ஒரு பள்ளத்தில் தட்டி நின்றது. பதினேழு.

கூச்சல் அடங்கவே இரண்டு நிமிடம் ஆனது. மந்திரவாதி வட்டத்துக்குள் வாயைத் திறந்து திறந்து மூடினான். தண்டபாணி அதை நடித்தே காட்டினார். அறுபத்தொரு வயதில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இல்லாத தாடியை யாரோ பிடித்திருப்பதுபோலத் தலையைச் சாய்த்து, சத்தமில்லாமல் வாயை அசைத்தார். ஷாகிதா கண்ணில் நீர் வரச் சிரித்தார். குமரகுரு கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, “என்னோட முறை, என்னோட முறை” என்று மேஜையைத் தட்டினான். ஐந்தரை மணிக்கு ஐந்தாம் கோட்டை விழுந்தது.

ஆறு மணிக்கு ஆட்கள் இறங்கிப் போனார்கள். அடுத்த வாரம் கொஞ்சம் தாமதமாகும், விடைத்தாள் திருத்தணும், எனக்காகக் காத்திருங்க என்று ஷாகிதா படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போனார்.

தண்டபாணிக்கு மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் முப்பத்திரண்டு வருடப் பழக்கம் ஒரு மதியத்தில் போய்விடுமா? வாணி தம் மேஜையில் பகடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தண்டபாணி அருகில் போய் நின்று, ஷாகிதா கேட்டது, தாம் சொன்னது, தாடி, பதினேழு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். வாணி ஒவ்வொன்றையும் ரசித்துக் கேட்டார். தாடி வந்த இடத்தில் கைதட்டினார்.

“எல்லாஞ் சரிங்க அம்மிணி. ஒண்ணே ஒண்ணு. விதிக்குழுவா இருந்து சொல்லுங்க. நான் குடுத்த தீர்ப்பு சரிங்களா, தப்புங்களா?”

வாணி பகடைப் பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார்.

“எனக்கு எப்படிங்க சார் தெரியும்? நான் உங்க மேஜைல இல்லையே.”